செப்டம்பர் முப்பது

நிதியாண்டு இன்று நள்ளிரவோடு முடிகிறது.
மில்வாக்கியில், நான்காம் மாடியில்,
ஹீட்டர் இன்னும் போடவில்லை.
ஏரிக்காற்று ஜன்னல் ரப்பரில்
விசிலடித்துப் பழகிக்கொண்டிருக்கிறது.

என் மேசையில் ஏழு கோப்புகள்.
இரவுக்குள் ஏழும் தீர வேண்டும்.
அரிசி தீர்வதுபோலவா, வழக்கு தீர்வதுபோலவா
என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே கட்டம்.

மேலே இருப்பது ஸூவா லோர்.
நாற்பத்தாறு வயது, ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு.
ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு கிடங்கு:
ஊறுகாய் ஜாடி, கடுகுச் சாந்து, காகிதத் தட்டு.
வேலை கேட்டுப் போனவர்கள் முதலில்
ஐம்பது பவுண்டு மணல்மூட்டையைத்
தோளுயரப் பலகையில் ஏற்ற வேண்டும், மூன்று தடவை.
அந்த ஆண்டு முயன்ற பெண்கள் முப்பத்தொரு பேர்.
ஏற்றியவர்கள் இருவர்.

போன மார்ச்சில் நான் அங்கே போனேன்,
குளியலறைத் தராசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
(ஆபீஸ் தராசு பழுது. இது என் வீட்டுடையது,
என்னிடம் மட்டும்தான் பொய் சொல்லும்.)
இரண்டு நாள். ஒவ்வொரு பெட்டியாக.
ஆகக் கனமானது கடுகுச் சாந்து,
இருபத்திரண்டு பவுண்டு.
மேலாளர் பொல்லாதவர் அல்ல, காபி கொடுத்தார்.
"முன்பு இங்கே சிமெண்ட் இருந்தது," என்றார்.
"அப்போது வைத்த சோதனை.
எடுக்கணும் என்று யாருக்கும் தோன்றவில்லை."

தோன்றவில்லை.
பத்தொன்பது வருடமாக
இந்த ஒரு சொல்லின் பின்னால்தான் அலைந்திருக்கிறேன்.
வெறுப்பவன் சுலபம்,
எங்காவது மின்னஞ்சலில் எழுதி வைத்திருப்பான்.
தோன்றாதவனிடம்தான்
தராசோடு போக வேண்டியிருக்கிறது.

இப்போது தலைநகரிலிருந்து ஒன்றரைப் பக்கக் குறிப்பு.
விளைவை மட்டும் சொல்லும் புகார்களை மூடிவிடவும்.
வேண்டுமென்றே செய்தார்களா,
அதைப் பார்த்தால் போதும்.

வேலை வேண்டும் என்று வந்தார் ஸூவா.
வேண்டாம் என்று மனிதர் எவரும் சொல்லவில்லை,
மூட்டை சொன்னது.
மூட்டைக்கு மனம் கிடையாது.
மனமில்லாததை விசாரிக்க இனி உத்தரவில்லை.

காற்று மாறுவது புதிதல்ல.
நான் சேர்ந்தபோது பெரிய கம்பெனிகள் என்றார்கள்,
பிறகு சீக்கிரம் சமரசம் என்றார்கள்,
ஒரு நான்கு வருடம் கர்ப்பிணிகள்.
வரவேற்பறைச் சுவரில் ஒரே ஆணி, ஒரே சட்டம்.
உள்ளே இருக்கும் படத்தைத்தான் மாற்றுகிறார்கள்.

ஸூவாவுக்குப் போக வேண்டிய கடிதத்தின் தலைப்பு
"வழக்குத் தொடரும் உரிமை."
தொண்ணூறு நாள் அவகாசம். வக்கீல் அவர் செலவு.
நாங்கள் விலகிக்கொள்கிறோம் என்பதற்கு
இதைவிடக் கம்பீரமான பெயர் அமையாது.

நாலரைக்கு ஃபோனில் சொன்னேன்.
மகள் மொழிபெயர்த்தாள்.
கொஞ்ச நேரம் ஹ்மாங்கில் பேச்சு, பாத்திரச் சத்தம்.
பிறகு,
"உரிமை வந்திருக்கிறது என்றால்
ஜெயித்துவிட்டோமா என்று அம்மா கேட்கிறாள்."

ஆம் என்றும் சொல்ல முடியாது.
இல்லை என்று சொல்லவும்
விதிப் புத்தகத்தில் இடமில்லை.
"வக்கீல் கிடைத்தால் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்,"
என்றேன். "நாற்பதாம் பக்கத்திலிருந்து பாருங்கள்.
பெட்டிகளின் எடை எல்லாம் இருக்கிறது."

மகள் எழுதிக்கொண்டாள். நாற்பதா, பதினான்கா
என்று திரும்பக் கேட்டாள்.
அம்மாவுக்கு இப்போது வேறு வேலை என்றாள்,
ஆஸ்பத்திரி சலவைக்கூடம், இரவு ஷிஃப்ட்.
ஈரத்துணி மூட்டைகளை
வண்டியிலிருந்து மெஷினுக்கு மாற்றுவது.

"எவ்வளவு கனம்?" என்றேன், பழக்கதோஷம்.
அவள் ஃபோனைத் தள்ளிப் பிடித்துக் கேட்டாள்.
அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு.

"தெரியாதாம்.
அதை யாரும் எடை போட்டதில்லையாம்."